யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

சாதியை வைத்து காமெடி பண்ணலாமா என்று கேட்டால், "எதுக்கு வம்பு?" என்பதுதான் தமிழ் சினிமாவின் வழக்கமான பதில். மடோன் அஷ்வினின் 'மண்டேலா' (2021) அந்த வம்பை விலைக்கு வாங்கிய படம்.

யோகி பாபு இதில் ஊரின் முடிதிருத்தும் தொழிலாளி. முடி வெட்டக் கூப்பிடுகிறவர்கள் எடுபிடி வேலையும் வாங்கிக்கொள்வார்கள். கூப்பிடுவதோ 'இளிச்சவாயன்' என்று. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போனால் பெயர் கேட்கிறார்கள், அவருக்கே தெரியவில்லை. சிரிப்பு வருகிறது. ஒரு மனிதனின் பெயரை ஓர் ஊரே சேர்ந்து தொலைத்திருக்கிறது என்பதும் கூடவே உறைக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு சாதிக்கும் ஓட்டு சரிசமம், இவர் ஓட்டுதான் முடிவு என்றானதும் அதே ஊர் இவர் முன்னால் குழைகிறது. இப்போது நாம் சிரிப்பது ஊரைப் பார்த்து.

இதே யோகி பாபுவின் முகத்தையும் தலைமுடியையும் வைத்து எத்தனை படங்களில் ஜோக் அடித்திருக்கிறார்கள்! அங்கே அவர் வந்து நின்றாலே போதும். ஒருவர் செய்கிற காரியத்துக்குச் சிரிப்பது வேறு, அவர் பிறந்த விதத்துக்குச் சிரிப்பது வேறு.

ஆனால் 'மண்டேலா'வுக்கும் ஓர் இடத்தில் பயம் வந்துவிடுகிறது. ஓட்டுக்காகக் கிடைப்பதையெல்லாம் நாயகன் அனுபவிக்கும்வரை கிண்டல் கூர்மையாக இருக்கிறது. ஊருக்காக ரோடும் தெருவிளக்கும் கேட்கத் தொடங்கியதும் பாடம் ஆரம்பித்துவிடுகிறது. மிதிபட்டவன் உத்தமனாகவும் இருந்தால்தான் அவன் பக்கம் நிற்போமா? அந்தக் கேள்வியை வைத்தும் நம்மைச் சிரிக்கவைத்திருக்கலாம்.