தறி நம்முடையது, பாவு யாருடையது?

1

மென்பொருள் தொழில் பற்றித் தமிழில் வரும் செய்திகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. ஒரு கம்பெனி புதிதாக ஒரு செயலியை விடுகிறது. அது கல்வியை 'ஜனநாயகப்படுத்துகிறது'. குக்கிராமத்துப் பிள்ளையின் கையில் உலகம் வந்து சேர்கிறது. இக்கதையாடலில் கிராமம் எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே வைக்கப்படுகிறது. கொடுப்பவர் யார், என்ன நிபந்தனையில் கொடுக்கிறார், நாளைக்கே திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்கிற கேள்விகள் செய்திக்கு வெளியே தள்ளப்படுகின்றன. 'சும்மாதானே குடுக்கறான், வாங்கிக்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சும்மா கொடுப்பது என்றால் என்னவென்று ஆரணிப் பட்டு வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தெள்ளாரில் கூலிக்கு நெய்கிறவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்: 'தறி என்னுதுதான், எடமும் என்னுதுதான். பாவு அவங்க குடுத்தாத்தான் ஓடும்.' பட்டு நூல், ஜரிகை, டிசைன் மூன்றும் முதலாளியிடமிருந்து வருகின்றன. சேலையாக அவரிடமே திரும்பிப் போகின்றன. நெய்தவருக்கு மிஞ்சுவது கூலி. தறிக்குச் சொந்தக்காரராக இருப்பதும் நெய்த சேலைக்குச் சொந்தக்காரராக இருப்பதும் ஒன்றல்ல. இணையத்தில் எழுதுகிற, கற்பிக்கிற நம் நிலைமையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தென்படவில்லை.

2

இதை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டுத் தறிக்கும் கணிப்பொறிக்கும் ரத்த உறவே உண்டு. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறியின் மேல் ஏற்றினார். துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. இந்த அட்டையைத்தான் 1830களில் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பு எந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார்; அவருடைய கம்பெனி மற்றவற்றோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். ஆயிற்று. நம் பக்கத்துத் தறிமேல் தொங்குகிற 'அட்டை' அந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்.

நம் வசதிக்காக மறக்கப்பட்ட இன்னொரு பாதியும் இக்கதைக்கு உண்டு. லியோனிலும் தறி நெசவாளியின் வீட்டில்தான் இருந்தது. பட்டும் விலையும் வணிகர் கையில். 1831-இல் நெசவாளிகள் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டார்கள். பேசி முடித்த விகிதத்தை வணிகர்களில் பலர் ஏற்க மறுத்தபோது அது கலகமாக வெடித்தது. 1834-இல் மறுபடியும். இரண்டையும் ராணுவம் வந்து அடக்கியது. புதிய கருவியைக் கேள்வி கேட்பவரையெல்லாம் 'எந்திர விரோதி' என்று முத்திரை குத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். கலகத்தின் மையத்தில் எந்திரம் இல்லை. அதில் நெய்ததற்கு விலை வைப்பது யார் என்ற கேள்விதான் இருந்தது.

3

தமிழில் வலைப்பதிவுகள் 2003-இல் தொடங்கின. அதே ஆண்டில்தான் பிளாக்கர் சேவையை கூகுள் விலைக்கு வாங்கியது. 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. சிதறிக் கிடந்த பதிவுகள் ஒரே இடத்தில் கண்ணில் பட்டன. இதன் அரசியல் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அதுவரை ஒரு பிரதி அச்சேற வேண்டுமானால் ஓர் ஆசிரியரின் மேஜையைத் தாண்ட வேண்டும். அது சிற்றிதழ் ஆசிரியராகவே இருந்தாலும் அங்கேயும் சாதி உண்டு, பால் உண்டு, குழு உண்டு. பெண்களும் தலித்துகளும் புலம்பெயர்ந்த ஈழத்தவர்களும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களும் யாருடைய அனுமதியும் கேட்காமல் எழுதினார்கள். 'எல்லாம் குப்பை' என்று இலக்கிய வட்டங்களில் எழுந்த குரலில் தரம் பற்றிய அக்கறையைவிட, அதிகாரம் கைமாறிய எரிச்சலே தூக்கலாக ஒலித்தது.

ஆனால் ஆசிரியர் போன நாற்காலி காலியாக இல்லை. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. உலகம் முழுக்கச் சாமானியர்கள் கட்டிய லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் நின்றது. 2014 செப்டம்பரில் ஆர்குட் முடிந்தது. சிற்றிதழ் ஆசிரியர் படைப்பைத் திருப்பி அனுப்புவார், போய்ச் சண்டை போடலாம். இங்கே சண்டை போட ஆளே கிடையாது. மூடுவதற்கான காரணம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் தமிழ் என்ற தலைப்பே இருக்காது.

இழப்பும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பதிப்பாளர் வாய்த்தவர்களின் பதிவுகள் புத்தகமாகி நூலகத்துக்குப் போய்விட்டன. பதிப்பாளர் இல்லாததால்தான் வலைக்கு வந்தவர்களின் எழுத்தோ அங்கேயே நின்றுபோயிற்று. அதாவது எந்த எழுத்துக்கு இந்தக் கருவி முதன்முறையாக இடம் கொடுத்ததோ, அந்த எழுத்தே முதலில் அழியும் நிலையில் இருக்கிறது. தெள்ளார் வெற்றியை வைத்து மூன்றாம் நந்திவர்மனுக்கு 'தெள்ளாறெறிந்த' என்று அடைமொழி கொடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளை இன்றும் படிக்கலாம். அரசனின் ஆவணம் கல்லில் இருந்தது, நிற்கிறது. சாமானியனின் ஆவணம் இரவல் இடத்தில்.

4

கல்விக்கு வருவோம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நெசவாளி வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் கணினி நுழைந்தது. அதைக் கேலி செய்தவர்களின் வர்க்கம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் அதில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. உள்ளே பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் உரிமை தருகிற கட்டற்ற மென்பொருள் அது. அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை பள்ளிகள் மெனக்கெட்டன? கருவி போய்ச் சேர்ந்த அளவுக்கு உரிமை போய்ச் சேரவில்லை.

அதே 2011-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பைஜூஸ் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்டது. 2024 ஜூலையில் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. பத்திரிகைகள் இதை ஒரு தனிமனிதரின் எழுச்சி-வீழ்ச்சியாக எழுதின. மாதத் தவணை கட்டிய பெற்றோர் அக்கதையில் துணைப் பாத்திரங்கள்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சி ஏற்கெனவே இருந்தது. 2019-இல் தொடங்கப்பட்டது அது. செல்போன்களும் இருந்தன, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில். கடைசியில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று மனிதர்களைத்தான் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்த வேலை எந்தப் பங்குச்சந்தை மதிப்பீட்டிலும் ஏறாது. 'தொழில்நுட்பம் கல்வியை மாற்றுகிறது' என்ற வாக்கியத்தின் எழுவாயை மாற்றி எழுத இந்த ஓர் உதாரணமே போதும்.

5

அப்படியானால் கருவியைத் தூக்கி எறிவதா? இல்லை. பாவைக் கைப்பற்றுவது. இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 90களில் ஒவ்வொரு எழுத்துரு வியாபாரியும் ஒரு குறிமுறை வைத்திருந்தார். ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். அந்தப் பூட்டைத் திறக்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடியது. யூனிகோடை அரசு தன் தரமாக ஏற்க 2010 ஆயிற்று. குறைகள் இருக்கட்டும், பொதுத்தரம் என்பதால்தான் இன்று ஒரு கம்பெனி மூடினாலும் எழுத்தை வேறிடத்துக்கு நகர்த்த முடிகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதே பாடத்தைத் தருகிறது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பகிரலாம். பிரதி ஆயிரம் வீட்டில் இருக்கும்போது அதை மூட முடியாது.

சிற்றிதழ் தப்பிப் பிழைத்ததும் இப்படித்தானே? முந்நூறு பிரதி அடித்தோம். யாரோ ஒருவர் பரணில் ஒன்று கிடந்தது. ஆகவே எழுதுகிறவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் நான் கேட்பது கொஞ்சம்தான். எழுதியதற்கு நகல் வையுங்கள். இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். இல்லம் தேடி வந்த அந்தப் பெண்கள் கையாண்ட பாடங்களை, பொதுவில் பகிர்ந்து திருத்தக்கூடிய வடிவில் தொகுக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள். பள்ளிக்குச் செயலி வாங்குமுன் 'மூடினால் பிள்ளைகளின் வேலை யாரிடம் போகும்?' என்ற கேள்விக்கு எழுத்துபூர்வமாகப் பதில் வாங்குங்கள். லியோன்காரர்கள் கேட்ட கூலி விகிதத்தைப் போல, மிகக் குறைந்தபட்சக் கோரிக்கைகள்தான் இவை.