பலர் பேசும் தனி நாடகம்

தனி நடிப்பு என்றதும், ஒருவர் தம் திறமை முழுவதையும் காட்டிக் கைதட்டல் பெறும் மேடை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அமெரிக்க நாடகக் கலைஞர் அன்னா டெவீர் ஸ்மித் அக்கலையை வேறொரு பணிக்கு உரியதாக்கினார். நடிப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பதே அவருடைய கலையின் முதற்பாடம்.

1950இல் பால்டிமோரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி இவர். ஒலிப்பதிவுக் கருவியுடன் மக்களை நாடிச் சென்று, அவர்கள் கூறியவற்றைக் கூறியவாறே மனனம் செய்து மேடையேற்றுவது இவருடைய முறை. பேசியவர் தடுமாறிய இடத்தில் இவரும் தடுமாறுவார். சொல் கிடைக்காமல் அவர் நின்ற இடத்தில் இவரும் நிற்பார்.

1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், யூத மதத் தலைவர் ஒருவரின் பரிவாரத்தில் வந்த கார் மோதிக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் மாண்டான். அவனுக்கு வயது ஏழு. அன்றிரவே, ஆராய்ச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த யூத இளைஞர் ஒருவர் கத்திக் குத்துக்கு இரையானார். கலகம் மூண்டது. 1992இல் அரங்கேறிய ‘ஃபயர்ஸ் இன் தி மிரர்’ நாடகத்தில், இளைஞரின் தமையனாகவும் சிறுவனின் தந்தையாகவும் ஸ்மித் ஒருவரே தோன்றினார். இரு தரப்பாரும் தத்தம் துயரை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த வேளையில், இரண்டு துயரையும் ஒரே தொண்டை சுமந்தது. அடுத்த ஆண்டு அரங்கேறிய, லாஸ் ஏஞ்சல்ஸ் கலகத்தைப் பற்றிய நாடகத்திற்காக ஏறத்தாழ 300 பேரைச் சந்தித்தார்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே மேடையைத் தருவது நீதியாகுமா? தீர்ப்புக் கூற அஞ்சும் நடுநிலையாக அது முடிந்துவிடாதா? இவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் நாடகத்தின் அமைப்பை நோக்குக: ‘ஃபயர்ஸ் இன் தி மிரர்’ அறிஞர்களின் விளக்கத்தோடு முடிவதில்லை, மகனை இழந்த தந்தையின் புலம்பலோடு முடிகிறது. சொற்கள் பிறருடையவை, அவற்றின் வரிசை ஸ்மித்துடையது. அவருடைய தீர்ப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. சந்தித்த பலருள் மேடைக்கு வருவோர் சிலரே. யாரை விடுவது என்பதும் அவர் முடிவே. ஆகவே இதனை வெறும் பதிவு என்று கொள்வது பிழை.

இவ்வதிகாரத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பதற்குப் பிற்காலப் பணி சான்றாகும். 1998இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், கலையையும் குடிமக்களின் உரையாடலையும் இணைக்கும் பயிலகம் ஒன்றை நிறுவினார். ஏழைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து சிறைக்குத் தள்ளப்படும் அவலத்தைப் பொருளாகக் கொண்ட ‘நோட்ஸ் ஃபிரம் தி ஃபீல்ட்’ 2015இல் பெர்க்லி நகரில் நடந்தபோது, இடையில் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தம்மால் ஆவது யாது என்று பேசச் செய்தார்.

கலைஞர் மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளரைப் பேசவிட்ட அந்த இடைவேளையே, அவருடைய கலை தன் குறையைத் தானே நிறைவு செய்துகொண்ட இடம் எனலாம்.