பல், தசை, தட்டு: தாடை மூட்டு மருத்துவத்தின் மரபுகளும் அளவுகோல்களும்

காதுத் துளைக்குச் சற்று முன்னே, கீழ்த்தாடை எலும்பின் முனையும் மண்டையோட்டின் குழியும் ஒரு நார்த்திசுத் தட்டை இடையில் வைத்துச் சந்திக்கும் இடமே தாடை மூட்டு. கதவுக் கீலைப் போலச் சுழலவும், இழுப்பறையைப் போல முன்னே நழுவவும் வல்ல இம்மூட்டிலும் அதை இயக்கும் தசைகளிலும் எழும் வலி, ஒலி, வாய்திறப்புக் குறைவு ஆகியவை தாடை மூட்டுக் கோளாறுகள் என ஒரே பெயரால் வழங்கப்படினும், அவற்றின் நோய்முதல் எது என்பதில் பல கொள்கைகள் மாறி மாறி ஆட்சி செய்துள்ளன.

முதல் மரபு பல்லைக் குற்றஞ்சாட்டியது. கடைவாய்ப் பற்களை இழந்தோருக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதால் மூட்டு பின்னழுந்தி, அருகிலுள்ள நரம்புகளையும் காதுப் பகுதியையும் நெருக்குகிறது என்று, செயிண்ட் லூயிஸ் நகரின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் எழுதினார். இவ்விளக்கம் உடலமைப்புக்கு ஒவ்வாது என உடற்கூற்றியலார் ஹாரி சிக்கர் மறுத்த பின்னரும், மேல் கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையாகிய பற்பொருத்தமே காரணம் என்ற எண்ணம் நிலைத்து, பல்லை உரசிச் சமன்செய்வதும் உறையிட்டு உயர்த்துவதும் சிகிச்சையாகப் பரவின.

1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ ஸ்வார்ட்ஸும், 1969இல் சிகாகோவின் டேனியல் லாஸ்கினும் கவனத்தைத் தசையின் பக்கமும் மன இறுக்கத்தின் பக்கமும் திருப்பினர். லாஸ்கின் குழு 1976இல் வெளியிட்ட ஆய்வில், பற்பொருத்தத்தை மாற்றாமல் உரசுவதுபோலப் பாவனை மட்டும் செய்தும், 25 நோயாளிகளில் 16 பேருக்கு வலி முற்றிலுமோ பெரும்பாலுமோ நீங்கியது. உரசலுக்குப் பின் வலி தணிந்தால் உரசலே அதைத் தணித்தது என்று கொள்ள முடியாது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

1970களில் வில்லியம் ஃபாரர் முதலியோர் தட்டின் இடப்பெயர்ச்சியை முன்னிறுத்தினர். தட்டைச் சீராக்கும் அறுவையும், நீக்கிய தட்டுக்கு மாற்றும் பெருகின. அவற்றுள் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகள் மூட்டுக்குள் சிதைந்து, உடலின் எதிர்வினையால் எலும்பையே அரித்தமையால் திரும்பப் பெறப்பட்டன. தட்டு இடம்பெயர்வதால் எழும் வலியற்ற 'கிளிக்' ஒலி நலமானவர்களிடமும் பரவலாகக் காணப்படுவது. அதற்குச் சிகிச்சை தேவையில்லை என்பதே இன்றைய தெளிவு.

இக்கொள்கைப் பூசலுக்கு நடுவே பொது அளவுகோலாக எழுந்தவை 1992இல் ஆய்வாளருக்காக வந்த நெறியும், 2014இல் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கும் ஏற்றதாகத் திருத்தப்பட்ட நெறியும் ஆகும். இவற்றின்படி முதல் அச்சில் உடல்நிலையும், இரண்டாம் அச்சில் வலியின் கடுமை, மனச்சோர்வு, அன்றாட முடக்கம் ஆகியவையும் தனித்தனியே அளக்கப்படும். பொட்டுத் தசையையும் கன்னத் தசையையும் ஏறத்தாழ ஒரு கிலோ விசையால் அழுத்துகையில் எழுவது, நோயாளி அண்மையில் உணர்ந்த அதே வலிதானா என்று கேட்பது 2014 நெறியின் உயிர்நிலை. அழுத்தினால் யாருக்கும் வலிக்கலாம், பழகிய வலியே நோயைச் சுட்டும். மருத்துவர் விரலால் உதவித் திறந்தும் வாய்திறப்பு 40 மில்லிமீட்டரை எட்டாவிடில், பூட்டிக்கொண்ட தட்டை ஐயுறலாம், உறுதிப்படுத்துவது எம்.ஆர்.ஐ. படமே.

சிகிச்சையின் அளவுகோல் மீளக்கூடிய தன்மையாகும். நாட்பட்ட வலிக்கென 2023இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட நெறிமுறை, நோயை விளக்கி அச்சம் தணித்தல், தாடைப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், மனநடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பலரும் வழங்கும் ஸ்பிளிண்ட் எனும் பற்கவசத்தைத் தயக்கத்தோடு விலக்குகிறது. நிலையான மாற்றம் விளைக்கும் கவசங்களையும் தட்டை நீக்கும் அறுவையையும் உறுதியாக மறுக்கிறது. ஆயினும் ஐம்பது வயது கடந்தவருக்குப் புதிய தலைவலியோடு மெல்லும்போது தாடை வலித்தல், முகத்தில் மரத்துப்போதல், நடக்கையில் தாடை வலித்து ஓய்வில் தணிதல் ஆகியவை முறையே இரத்தக்குழாய் அழற்சி, கட்டி, இதயநோய் ஆகியவற்றின் அறிகுறியாகலாம் என்பதால், அவரை உடனே உரிய மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பொதுப் பல் மருத்துவருக்கு இவ்வகையில் வேண்டுவன ஓர் அளவுகோல், இரு விரல்கள், ஒரு வினாத்தாள் ஆகியவையே. பல்லை உரசும் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், வலியின் மூலம் துலங்கும்வரை அதை எடுக்காதிருப்பதே மூன்று மரபுகளின் பிழைகளிலிருந்தும் அவர் பெறும் பாடம்.