பால்மரத்துக்கு எத்தனை நாள் கத்தி?

ஒரு பால்மரத்தில் எத்தனை கோடு போடலாம், போட்ட கோட்டை மாதத்தில் எத்தனை நாள் சீவலாம் என்ற கேள்வி ஜொகூரின் குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்கப்படுகிறது. விலை ஏறினால் கத்தி அடிக்கடி இறங்கும். விலை விழுந்தால் மரத்துக்கு ஓய்வு. 1930 மே மாதம் மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் ஒரு மாதம் பால்வெட்டையே நிறுத்தச் சொன்னார்கள். சந்தையில் ரப்பர் குவிந்து கிடந்ததுதான் அதற்குக் காரணம். மரத்தைப் பற்றிய கவலை அதில் இல்லை. விலையைப் பார்த்துக் கத்தி வைக்கும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இது பட்டையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு என்பதே என் கட்சி.

கனடாவில் மேப்பிள் மரத்தில் குழாய் செருகுவோருக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. அவர்கள் மரத்தின் பருமனை அளந்து ஒரு துளையா இரண்டா என்று தீர்மானிக்கிறார்கள். குளிர்காலம் முடியும் சில வாரங்களோடு வேலை முடிகிறது, அடுத்த ஆண்டு வேறு இடத்தில் புதுத் துளை. நம் மரத்தில் ஒரே காயத்தைத்தான் வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பத் திறக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்துத் தந்த முறை அது. ஆரம்பத்தில் தோட்டங்கள் ஆசைப்பட்டு ஒரே மரத்தில் மீன்முள் வடிவில் பல கோடுகள் போட்டன. பால் கொட்டியது, பட்டையும் வேகமாகத் தீர்ந்தது. போகப் போக மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே ஒரு சாய்கோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்ற ஒழுங்கு நிலைத்தது.

அந்தக் கோட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பால்குழல்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஓடாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் இறங்குகிறது. அப்படி வெட்டினால் அதிகக் குழல்கள் அறுபடும். ஒரு சீவலில் போவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. உள்ளே மரக்கட்டையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். கத்தி அதைத் தாண்டினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருஷம் கழித்து அங்கே மறுபடி கோடு போட முடியாது.

கணக்கு எளிது. மழையும் இலையுதிர்வும் போக, ஒருநாள் விட்டு ஒருநாள் முறையில் வருஷத்தில் 150 நாள் வெட்டு என்று வைத்துக்கொண்டால் 22 செ.மீ.க்கு மேல் பட்டை போகிறது. நான்கடி உயரத்தில் தொடங்கிய ஒரு பக்கம் ஐந்தரை ஆண்டில் அடியைத் தொட்டுவிடும். நான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் 75 வெட்டு. வெட்டின இடம் கூடுதலாகக் காய்ந்துவிடுவதால் சீவல் இரண்டு மில்லிமீட்டர் ஆகும். அப்படியும் வருஷத்துக்கு 15 செ.மீ.தான். அதே பக்கம் எட்டு ஆண்டுக்கு மேல் வரும்.

ஓய்வு பட்டைக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. வடிந்த பாலை மரம் மறுபடி உண்டாக்கிக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதற்குள் மீண்டும் கத்தி வைத்தால் முதலில் பால் நீர்த்துப்போகும். பிறகு கோட்டில் ஒரு கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடக்கும், அடுத்த மாதம் அது நீளும், கடைசியில் கோடு முழுக்க வறண்டு உள்பட்டை பழுப்பேறிவிடும். பார்வைக்கு மரம் பசுமையாகவே நிற்கும். பால் பிடிக்கும் மங்கு மட்டும் காலி.

வெட்டு நாளைக் குறைத்தும் வரவு குறையாமல் இருக்க 1970களில் பரவிய மருந்து எதிஃபான். இது எத்திலீனை வெளியிட்டு, வெட்டுவாயில் பால் உறைந்து குழல் அடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது; பால் நீண்ட நேரம் வடிகிறது. 1990களில் சிறு வெட்டுடன் எத்திலீன் வாயுவையே செலுத்தும் முறையும் வந்தது. இவை நல்ல கண்டுபிடிப்புகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆள் பஞ்சம் மிகுந்த நாட்டில் ஒருவர் இரு மடங்கு மரங்களைப் பார்க்க முடிகிறது, மரமும் கூடுதல் காலம் நிற்கிறது. ஆனால் மருந்து, நாளைக் குறைப்பதற்கு ஈடாகத் தரப்பட்டது. நாளைக் குறைக்காமல் மருந்தை மட்டும் பூசுவது மரத்திடம் இரண்டு பக்கமும் பறிப்பது. அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். பிபி 260 போன்ற இனங்கள் இயல்பாகவே வேகமாகப் பால் சுரப்பவை. இந்தக் கொடுமையை அவை தாங்குவதில்லை.

அப்படிச் செய்பவரைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. நான்கு நாளுக்கு ஒருமுறை என்ற முறை பெரிய தோட்டத்தின் கணக்கில் பிறந்தது. அங்கே ஒரு வெட்டாளுக்கு நாளுக்கு ஐந்நூறு மரம், நான்கு நிரைப்பகுதி. தினமும் ஒரு பகுதியாகச் சுற்றி வந்தால் அவருக்கு வேலை இல்லாத நாள் கிடையாது, மரத்துக்கும் மூன்று நாள் ஓய்வு. இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. மலேசியாவின் ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. இரண்டு ஹெக்டேரில் எண்ணூறு, தொள்ளாயிரம் மரம்தான் இருக்கும். இரண்டே நாளில் முடிந்துவிடும். மீதி இரண்டு நாள் பங்குக்கு வெட்டுபவர் என்ன செய்வார்? பாதிக்குப் பாதி பேசி வந்தவருக்கு வெட்டாத நாளில் வருமானம் இல்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பட்டையில் பால் வருமா என்பது நில உரிமையாளரின் கவலை. வீட்டு வாடகை வெட்டுபவரின் கவலை. மரத்தின் ஓய்வுக்கான செலவை அவர் தலையில் கட்டிவிட்டு, அட்டவணையை மீறுகிறார் என்று குறை சொல்கிறோம்.

இதில் ஜொகூரின் மழை வேறு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று விடியற்காலை வெட்டைக் கெடுக்கிறது. 2006 கடைசியில் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட். வெட்டு நாள் குறைவாக உள்ள முறையில் தவறும் ஒவ்வொரு நாளும் பெரிய இழப்பு. தவறியதை ஈடுகட்ட வெயில் வந்ததும் தொடர்ந்து மூன்று நாள் வெட்டுகிறார்கள். அட்டவணையின் பயன் அந்த மூன்று நாளில் போய்விடுகிறது. கோட்டுக்கு மேல் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டுவது கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் சாதாரண வழக்கம். இந்திய ரப்பர் வாரியம் வாரம் ஒருமுறை வெட்டைப் பரிந்துரைக்கத் துணிந்ததற்கு அந்தக் காப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பல குடும்பங்கள் தங்கள் மரத்தைத் தாங்களே வெட்டுகின்றன. சீவுகிற கையும் பட்டையின் சொந்தக்காரர் கையும் ஒன்றாக இருந்தால் இந்த முறை நிற்கிறது.

இங்கே அதற்கு நெருக்கமான வழி, பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒரே வெட்டாளை வைத்துக்கொள்வது. இரண்டு நிலத்திலும் சேர்த்து நான்கு பகுதி கிடைக்கும். அவருக்கு நாள் தவறாத வேலை, மரத்துக்கு மூன்று நாள் ஓய்வு. வருஷத்துக்கு இவ்வளவு பட்டைதான் என்று மரத்தில் சாயக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் வேலையை முடிப்பவருக்குப் பாதிப் பங்குக்கு மேல் ஒரு தொகை தரலாம். மழைக்காப்பின் செலவு நிலக்காரர்களுடையது. இந்த ஏற்பாடு ஒப்பந்தமாக எழுதப்படும் வரை யாரும் அந்த நிலத்துக்கு மருந்து வாங்க வேண்டாம்.