ஆற்றுப்படை காட்டும் நிலமும் நெடுஞ்சாலைப் பயணமும்

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், வறுமையுற்ற கலைஞரைப் புரவலரிடம் வழிப்படுத்துவன. ஆதலால் வகுப்பறைகளில் இவை புகழ்ப்பாடல்களாகவே பெரிதும் பயிலப்படுகின்றன. எனினும், நாட்டைக் கடந்து செல்வோன் கண்முன் நிலம் மாறிவரும் தன்மையைத் தமிழில் முதன்முதல் விரிவாகப் பதிந்த நூல்கள் என்னும் வகையிலும் இவை ஆராயத்தக்கன.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடையது. எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயினர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் அளிப்பர். ஆமூரில் உழவர் வெண்சோற்றுடன் நண்டுக் கலவையும் படைப்பர். ஒரு நிலம் முடிந்து மறுநிலம் தொடங்குவதைப் பாணன் உணவிலேயே அறிந்துகொள்கின்றான்.

500 அடிகளையுடைய பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் தொழிலையும் சேர்த்துக் காட்டுகின்றார். மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியில் சுங்கம் கொள்வோர் உளர். எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர். ஆய்மகள் நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் ஆவையும் பெறுகின்றாள். இவ்விரு பெண்களின் உழைப்பே பாலைக்கும் முல்லைக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு. மரஞ்செடிகளை அடுக்கிச் சொல்வதனால் மட்டும் இத்தெளிவு கிட்டாது.

ஆயினும் ஒரு தடை எழும். இளந்திரையன் காக்கும் நாட்டில் இடி முழங்குவதில்லை, பாம்பு கடிப்பதில்லை, காட்டு விலங்கு துன்பம் செய்வதில்லை என அந்நூல் கூறுகின்றது. வழியில் பசித்தவர் எவரும் தென்படுவதுமில்லை. புரவலன் புகழ் நிலத்தின் மெய்ம்மையை மறைத்துவிடும் இடம் இது. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாமோ வேறு வழி செல்கின்றது. பன்றிக்கு வைத்த கற்பொறிகளுக்கு அஞ்சி, விடிந்தபின் செல்லுமாறு பெருங்கௌசிகனார் அறிவுறுத்துகின்றார். பாம்பு உறையும் குழிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும், வழுக்கும் பாறைகளையும் குறிக்கின்றார். நன்னனைப் பாடும் நோக்கம் அவருக்கும் உண்டு. ஆயினும் வழிச்செல்வோனின் காலடியை அவர் மறக்கவில்லை. பயணவிலக்கியம் என்னும் அளவில் மலைபடுகடாமே விஞ்சி நிற்கின்றது.

இவ்வளவுகோலை மலேசிய மண்ணிலும் வைத்துப் பார்க்கலாம். 1994ஆம் ஆண்டு முழுமையுற்ற வடக்கு தெற்கு விரைவுச்சாலை ஏறத்தாழ 772 கிலோமீட்டர் நீளமுடையது. கெடாவின் நெல்வயல், ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியதால் உண்டான குளங்கள், ஜொகூரின் எண்ணெய்ப்பனை எனக் காட்சிகள் விரைந்து மாறுகின்றன. இவற்றைப் ‘பச்சைக் கம்பளம்’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடும் பயணக்கட்டுரை, காணாததற்கு ஒப்பாகும்.

ரப்பர் மரம் ஆண்டுதோறும் இலையுதிர்த்துத் தளிர்க்கும். எண்ணெய்ப்பனைக்கு அத்தகைய பருவமாற்றம் இல்லை. ரப்பர் அழிந்து செம்பனை வந்த இடங்களில், மரத்தோடு ஒரு பருவமும் மறைந்தது. விடியற்காலையில் வாளியும் உளியும் ஏந்திய பால்மரத் தொழில் மறைந்தது. நீண்ட கோலில் அரிவாள் கட்டிக் குலையறுக்கும் தொழில் வந்தது. லயங்களில் வாழ்ந்தோர் பலர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். இம்மாற்றத்தைப் பேருந்தின் சன்னல் காட்டாது. அங்கு உழைத்தவர் எவர், உண்டது யாது என வினவுவோர்க்கே அது புலப்படும்.

ஆற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர் அடிகளின் எண்ணிக்கையோடும் பாட்டுடைத் தலைவன் பெயரோடும் நின்றுவிடலாகாது. மாணவன் தன் ஊரிலிருந்து அடுத்த ஊர் செல்லும் வழியைப் பாணன்போல் பிறர்க்கு உரைக்கப் பழகுதல் வேண்டும். அவ்வழியில் இருந்த தோட்டத்தின் பெயரை அறிந்தோர் அருகிவரும் காலம் இது. அதனை எழுதிவைக்காவிடின், பின்வருவோர்க்கு வழி சொல்ல எவரும் இரார்.