விமானத்தில் விட்டுவைத்தவை

உதிரிகளாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் குட்டி விமானத்தோடு ஒரு பட்டியலும் வரும். இறக்கை, வால், உடல், எஞ்சின் இதெல்லாம் கட்டாயம். இந்தப் பட்டியலில் இருப்பவை ‘வேண்டுமானால்’ ரகம்: தோல் இருக்கை, சக்கரத்துக்கு உறை, ஆட்டோ பைலட், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட். ரசனை உள்ளவர் எதற்கெல்லாம் டிக் அடித்தார், எதைத் தொடாமல் தாண்டினார் என்று பார்ப்பது ஒரு தனிச் சுகம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பார்த்துப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

முதல் டிக், எத்தனை இருக்கை என்பதற்கு. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். இருவர் அமரும் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டிவந்தார். வீட்டிலோ மனைவியும் இரண்டு மகள்களும். கொரோனா காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லிங் டி.எஸ்.ஐ.’ கிட்டை வரவழைத்து, எசெக்ஸில் வீட்டோடு இருந்த கொட்டகையில் சுமார் 1,500 மணி நேரம் உழைத்து, நால்வர் அமரும் விமானமாகப் பூட்டினார். மகள் தியாவின் பெயரைத் தாங்கிய அந்த விமானம் 2022இல் பறந்தது.

அந்த ரக விமானம் தூக்கக்கூடிய உச்ச எடை சுமார் 950 கிலோ. வெறும் விமானமே ஏறக்குறைய 500 கிலோ. நாலு பெரியவர்கள் ஏறினால் 300 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோல் என்றால் இன்னும் நூற்றுச் சொச்சம். மிச்சம் இருப்பதில் கைப்பெட்டிக்கே இழுபறி. ஒவ்வொரு டிக்கும் அந்த மிச்சத்தில்தான் கை வைக்கிறது.

தோல் இருக்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோல், சதுர மீட்டருக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நிற்கும். அந்த எடைக்குத் தக்க தோலா என்பதைக் கை சொல்லிவிடும். மேல்பக்கம் உள்ளே வரும்படி லேசாக மடிக்க வேண்டும். சுருக்கம் மயிரிழைகளாக விழுந்து, விட்டதும் மறைந்தால் இறுக்கமான தோல். தடித்தடியாகப் புடைத்து எழுந்தால் தளர்ந்த தோல். வயிற்றுப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விவரம் தெரிந்தவர், உட்காரும் இடத்துக்கு மட்டும் முதுகுப் பகுதித் தோலைக் கேட்பார். முதுகு படாத பின்பக்கத்துக்குத் துணியே போதும் என்பார்.

தையல் ஓரத்தையும் பாருங்கள். ஷூ கம்பெனியில், மடிக்க வேண்டிய ஓரத்தை முதலில் ஸ்கைவிங் மெஷினில் சீவிவிடுவார்கள். சீவாமல் மடித்தால் அந்த இடம் இரட்டைக் கனமாகி உறுத்தும். சீவியபின் மடிப்பு இருப்பதே விரலுக்குத் தெரியாது. விமானத்தின் இறக்கைக்குள்ளும் இதே புத்திதான் வேலை செய்கிறது. விலா எலும்பு போல நிற்கும் அலுமினியத் தகடுகளில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பை மட்டும் வளைத்துவிடுவார்கள். ஓட்டையால் எடை குறைகிறது. வளைத்த விளிம்பால் தகடு விறைப்பாகிறது. எடுத்ததும் லாபம், மிஞ்சியதும் லாபம்!

எனக்கு மிகவும் பிடித்த டிக், பிடோ குழாய்க்கு அடிப்பது. எதிர்க்காற்றை வாங்கி வேகத்தைச் சொல்லும் விரல் கனக் குழாய் அது. பனிக்கட்டி அடைக்காமல் இருக்க அதற்கு ஹீட்டர் பொருத்திக்கொள்ளலாம். லண்டன் மேகத்துக்கு அது நியாயம். வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்து ஓடுதளத்தில், மே மாத வெயிலில் நிற்கும் விமானத்துக்கு முதல் எதிரி குளவி. 1996இல் டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் மாண்டதற்கு, பிடோ குழாயில் குளவி கட்டிய மண்கூடே காரணமாக இருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் கருதினார்கள். நம் ஊர் விமானத்துக்கு ஹீட்டரைவிட முந்திக்கொள்ள வேண்டியது, சிவப்பு நாடா தொங்கும் ஒரு சின்ன உறை. விலையும் சொற்பம், எடையும் சொற்பம். பறக்கும்போது அதுவும் இறக்கையில் இருக்காது.

சில டிக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. பாராசூட்டின் வார்களை உடல்தகடு மூடுமுன் உள்ளே பிணைத்தாக வேண்டும். பிறகு மனம் மாறினால் பிரித்துத்தான் செய்ய வேண்டும். ஹீட்டர் வயருக்கும் கிட்டத்தட்ட அதே கதி. ஆனால் அனுபவசாலிகள் இறக்கையை மூடுமுன் விலாத் தகடுகளின் ஊடே ஒரு பிளாஸ்டிக் குழாயை வெறுமனே செருகி வைக்கிறார்கள். இன்றைக்கு அதில் ஒன்றும் ஓடாது. ஐந்து வருஷம் கழித்துப் புது விளக்கோ ஹீட்டரோ ஆசைப்பட்டால் வயர் போக வழி தயார். சில நூறு கிராமில் தள்ளிப்போடும் உரிமையையே வாங்கிவிடுகிறார்கள். பட்டியலிலேயே ஆக நயமான சாமான் இதுதான் என்பேன்.

வேலை முடிந்ததும் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றி எடை பார்ப்பார்கள். நகைக்கும் தோலுக்கும் ரசனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே ரசனைக்குக் கிலோ கணக்கில் மதிப்பெண் போட்டுக் காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். விமானம் பறக்கும் காலமெல்லாம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதைப் பார்த்துத்தான் எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போட வேண்டும்.