ஆழச் சுத்தம் : எவ்வளவு ஆழம்?

பற்களைச் சுத்தம் செய்து கொள்வது பற்றி மக்கள் இரண்டு வகையாகப் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "பல்லைச் சுரண்டினால் ஆட்டம் கண்டுவிடும், கிட்டவே போகாதே" என்பார் ஒருவர். "வேர் வரை சுத்தம் செய்துகொள், ஈறு நோய் எட்டியே பார்க்காது" என்பார் மற்றொருவர். இரண்டு பேச்சிலும் உள்ள குறை ஒன்றுதான். இருவருமே அளந்து பார்க்காமல் தீர்ப்புக் கூறுகிறார்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். பல்லின் மீது பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அது துலக்கப்படாமல் நாட்பட இருந்தால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டிப்பட்டுக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இது முதல் நிலை. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரில் 1965-இல் நடந்த ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. ஆகவே முதல் நிலைக்கு முக்கிய மருந்து உங்கள் கையிலுள்ள பிரஷ்தான்.

இரண்டாம் நிலை வேறு. இங்கே ஈறு பல்லை விட்டுப் பிரிகிறது. இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அதனடியில் தாடை எலும்பு சிறுகச் சிறுகக் கரைகிறது. இந்தப் பைக்குள் பிரஷ் எட்டாது. மரத்துப்போக ஊசி போட்டு, கைக்கருவியாலோ அதிரும் கருவியாலோ வேரின் மேலுள்ள படலத்தையும் காரையையும் நீக்குவதே ஆழச் சுத்தம்.

பை இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? மில்லி மீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கருவி ஒன்றை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளக்கிறார்கள். 1 முதல் 3 மில்லி மீட்டர் வரை இருந்தால் பொதுவாக நலம். 4-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே படம் எலும்பு எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் காட்டும்.

இந்த அளவை ஒரு சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த யான் லிண்டே குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். பையின் ஆழம் ஏறத்தாழ 2.9 மில்லி மீட்டருக்கு மேல் இருந்த இடங்களில் ஆழச் சுத்தத்தால் ஈற்றின் பிடிப்பு கூடியது. அதற்குக் குறைவான இடங்களிலோ, இருந்த பிடிப்பும் சற்றுக் குறைந்தது! நோயுள்ள இடத்தில் மருந்தாகும் அதே கருவி, நோயில்லாத இடத்தில் சிறு காயமாகிறது. அளக்காமல் வாய் முழுவதும் ஆழச் சுத்தம் செய்வது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா?

பலனும் அளவோடுதான். 4 முதல் 6 மில்லி மீட்டர் ஆழமுள்ள பைகள் சராசரியாக 1 மில்லி மீட்டர் அளவும், 7-க்கு மேற்பட்டவை 2 மில்லி மீட்டர் அளவும் குறைகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் குழு 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஈற்றுப் பிடிப்பில் கிடைத்த சராசரி ஆதாயம் அரை மில்லி மீட்டர் என்று கண்டது. கரைந்த எலும்பு பழையபடி வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோய் மேலும் பரவாமல் நிற்பதே இச்சிகிச்சையின் வெற்றி.

அந்த வெற்றி எத்தகையது என்பதை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஹரால்ட் லோ குழுவினர் நடத்திய ஆய்வு உணர்த்துகிறது. பல் மருத்துவ வசதியே எட்டாத 480 ஆண்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய எல்லாருடைய வாயிலும் காரையும் அழற்சியும் இருந்தன. ஆனால் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக. 11 விழுக்காட்டினருக்குப் பரவவே இல்லை. 35 வயதில் முதல் பிரிவினர் சராசரியாக 9 மில்லி மீட்டர் பிடிப்பை இழந்திருந்தார்கள். கடைசிப் பிரிவினரின் இழப்பு 1 மில்லி மீட்டருக்கும் குறைவு. காரையைக் கண்ணால் பார்த்து யார் எந்தப் பிரிவு என்று சொல்ல முடியுமா? முடியாது. அளவுகோல்தான் சொல்லும்.

அப்படியானால் சுத்தம் செய்தபின் பல் ஆடுகிறதே என்பீர்கள். ஆட்டத்துக்கு அடிப்படைக் காரணம், முன்பே எலும்பு கரைந்து போனதுதான். பற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்த காரை நீங்கியதும் அது வெளியே தெரிகிறது. வீக்கம் வடிவதால் ஈறு சற்றுக் கீழிறங்கி வேர் தெரியலாம். சில வாரங்கள் பல் கூசலாம். இதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுபவர்கள் மீதி எலும்பையும் இழக்கிறார்கள்.

மறுபக்கம், "ஆறு மாதத்திற்கு ஒரு முறை எல்லாருக்கும்" என்ற விதிக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் கடுமையான ஈறு நோய் இல்லாத 1,877 பேரிடம் சாதாரணக் காரை நீக்கத்தை மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்திற்கு ஒரு முறை செய்துகொண்டவருக்கும் செய்துகொள்ளாதவருக்கும் ஈற்றில் இரத்தம் கசிவதில் வேறுபாடு காணப்படவில்லை.

ஈறுகளைத் தாண்டிச் சொல்லப்படும் பலன்களையும் இப்படியே நிறுத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு 0.43 புள்ளி குறைவதாக 2022-இல் வெளியான தொகுப்பு காட்டுகிறது. இது நல்ல செய்தி. ஆனால் கருவுற்ற பெண்கள் 823 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஈறு நலமடைந்தது, குறைப்பிரசவம் குறையவில்லை.

எனவே, ஆழச் சுத்தம் வேண்டும் என்று மருத்துவர் கூறினால் அஞ்சவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். "எந்தெந்தப் பற்களில், எத்தனை மில்லி மீட்டர்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் குறித்து வைத்த எண்களைக் காட்டுவார். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். எண் குறைந்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் புகையிலையை விடுவதும், காலையும் இரவும் பல் இடுக்குகளையும் சேர்த்துத் துலக்குவதும் உங்கள் பங்கு. அதைச் செய்யாவிட்டால், காசு கொடுத்து நீக்கிய படலம் மீண்டும் அதே இடத்தில் வந்து குடியேறும்.